மதுவமும் ஹொப்ஸும்: ஒரு வாளிப் பியரினூடாகக் கட்டுப்பாட்டுப் பரிசோதனையை விளங்கிக்கொள்ளல்

மாணவர்களே, மதுவத்தின் நொதித்தல் பற்றிய பாடத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். சீனிக் கரைசலுடன் மதுவத்தைச் சேர்த்தல், வெளிவரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரினுட் செலுத்துதல், சுண்ணாம்பு நீர் பால் நிறமாதல் என்பவற்றை ஏறத்தாழ எல்லோரும் சரியாகவே எழுதிவிடுகின்றனர். ஆனால் அடுத்த உபவினாவாக, "இப்பரிசோதனைக்குரிய கட்டுப்பாட்டு அமைப்பு யாது? அது ஏன் தேவை?" என்று கேட்கப்பட்டால் பேனா நின்றுவிடுகிறது. "சரியான விடையைப் பெறுவதற்கு" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வோர் பலர். அவ்விடைக்குப் புள்ளி கிடைக்காது.

கட்டுப்பாடு என்பது மனனம் செய்யவேண்டிய ஒரு வரியன்று. அது இல்லாவிட்டால் என்ன நட்டம் ஏற்படும் என்பதைக் கண்டவர்களுக்கு அது மறப்பதில்லை. அந்த நட்டத்தை நன்கு அறிந்த ஒரு கூட்டத்தினர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ளனர். அவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். தம் வீட்டுச் சமையலறையில் ஒரு வாளியில் பியர் தயாரிப்பவர்கள். மதுவத்தையும் ஹொப்ஸ் என்னும் பூவையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்ப்பது அவர்களது பொழுதுபோக்கு. அவர்களுடைய வாளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தைப் பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி எந்த மதுபானத்தையும் உற்பத்தி செய்வது மதுவரிச் சட்டத்தின்படி குற்றமாகும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பதும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே இங்கு கூறப்படுவது செய்து பார்ப்பதற்கன்று, விளங்கிக்கொள்வதற்கே. நீங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திற் செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று கட்டுரையின் பிற்பகுதியில் தரப்பட்டுள்ளது.

தகரத்தினுள் இருப்பது என்ன?

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு தொடக்கம் வீட்டுத் தேவைக்காகப் பியர் தயாரிக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்றாயிற்று. அமெரிக்காவில் 1978 ஒக்டோபரில் சனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. எனினும் அலபாமா, மிசிசிப்பி ஆகிய இரு மாநிலங்களும் 2013 வரை இதனை அனுமதிக்கவில்லை. இவ்வாறு சட்டம் தளர்ந்த நாடுகளில் "கிட்" எனப்படும் தயார்நிலைப் பொதிகள் கடைக்கு வந்தன. ஒரு பொதுவான கிட்டில் 1.7 கிலோகிராம் நிறையுள்ள தடித்த பாகு அடைத்த தகரமொன்றும், 5 முதல் 7 கிராம் வரையிலான உலர் மதுவப் பொட்டலமொன்றும் இருக்கும். பாகுடன் ஒரு கிலோகிராம் சீனியைச் சேர்த்து, நீர் ஊற்றி 23 லீற்றராக்கி, மதுவத்தைத் தூவி மூடிவைத்தால் ஒரு வாரமளவில் நொதித்தல் முடிந்துவிடும்.

அந்தப் பாகு எங்கிருந்து வந்தது? வாற்கோதுமை மணிகளை நீரில் ஊறவைத்து முளைக்க விடுவர். வித்து முளைக்கும்போது அமிலேசு முதலிய நொதியங்கள் உண்டாகின்றன என்பதை நீங்கள் படித்துள்ளீர்கள். முளையத்தின் வளர்ச்சிக்காக மாப்பொருளை உடைத்துக் கொடுப்பதே அவற்றின் வேலை. முளை சிறிது வளர்ந்ததும் மணிகளை உலர்த்தி வளர்ச்சியை நிறுத்திவிடுவர். இதுவே மோல்ற் எனப்படும். மோல்ற்றை நசுக்கி ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள நீரில் ஊறவைக்கும்போது, முளையத்துக்காக இருந்த நொதியங்கள் மாப்பொருளை மோல்ற்றோசு முதலிய வெல்லங்களாக மாற்றுகின்றன. பின்னர் அக்கரைசலை ஹொப்ஸுடன் கொதிக்கவைத்து, நீரை ஆவியாக்கிப் பாகாக்கித் தகரத்தில் அடைப்பர். ஆகவே கிட் வாங்குபவருக்கு வெல்லமும் கசப்பும் ஏற்கெனவே ஆயத்தமாக உள்ளன. அவருக்கு எஞ்சியிருப்பது மதுவத்தின் வேலை மாத்திரமே.

மதுவம்: பெயர் சொல்லப்படாத நான்காவது பொருள்

1516ஆம் ஆண்டு சேர்மனியின் பவேரியாவில் பிறப்பிக்கப்பட்ட கட்டளை ஒன்று, பியருக்கு வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றையும் தவிர வேறெதனையும் சேர்க்கலாகாது என்றது. மதுவம் அப்பட்டியலில் இல்லை. வாளியின் அடியில் தங்கும் மண்டியை அடுத்த தடவைக்கு எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தபோதிலும், அது உயிருள்ளது என்பது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1830களின் பிற்பகுதியில் நுணுக்குக்காட்டியினூடாக அதன் கலங்கள் அரும்புவதைச் சிலர் கண்டனர். 1857 தொடக்கம் லூயி பாஸ்ரர், நொதித்தல் உயிருள்ள கலங்களின் செயல் என்பதைப் பரிசோதனைகளால் நிறுவினார். 1897இல் எட்வேட் புக்னர் மதுவக் கலங்களை மணலுடன் அரைத்து நசுக்கிப் பிழிந்தெடுத்த சாறும் சீனியை நொதிக்கச் செய்யும் எனக் காட்டினார். உயிருள்ள கலம் தேவையில்லை, அதிலுள்ள நொதியங்களே போதும் என்பது இதன் பொருள். இதற்காக 1907இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்ரர் பிழை, புக்னர் சரி என்று எழுதிவிடாதீர்கள். அந்நொதியங்களை ஆக்குவது உயிருள்ள கலமே.

மதுவம் ஒரு தனிக்கலப் பங்கசு ஆகும். ஒட்சிசன் இல்லாத நிலையில் அது காற்றின்றிய சுவாசத்தில் ஈடுபடும்.

குளுக்கோசு → எதனோல் + காபனீரொட்சைட்டு + சக்தி

180 கிராம் குளுக்கோசு முற்றாக நொதித்தால் 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். கூட்டிப் பாருங்கள், திணிவு காக்கப்பட்டுள்ளது. வெல்லத்தின் ஏறத்தாழ அரைவாசித் திணிவு வாயுவாகப் போய்விடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது உதவும்.

எல்லா மதுவமும் ஒன்றா? இல்லை. 1883இல் கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பர்க் மதுவடிசாலையின் பியர் கெட்டுப்போகத் தொடங்கியது. அங்குள்ள ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன், வாளிகளில் இருப்பது ஒரு மதுவம் அல்ல, பல மதுவங்களின் கலப்பு என்பதைக் கண்டார். அவற்றில் வேண்டாத காட்டு மதுவமும் கலந்திருந்தது. அவர் ஒரேயொரு கலத்தைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து பெருகிய கலங்களை மாத்திரம் பயன்படுத்தச் செய்தார். பியர் சீரடைந்தது. தூய வளர்ப்பு என்னும் இம்முறையைப் பிற மதுவடிசாலைகளுக்கும் அவர்கள் மறைக்காது வழங்கினர். இன்று கடையில் 11 கிராம் பொட்டலத்தில் வெவ்வேறு மதுவ வகைகளை வாங்க முடிவதற்கு அந்த ஒரு கலமே தொடக்கம்.

வீட்டில் பியர் தயாரிப்பவர்கள் மதுவத்தை மாற்றும்போது மூன்று விடயங்கள் மாறுகின்றன. முதலாவது வெப்பநிலை. 'ஏல்' வகைக்குரிய மதுவம் 18 முதல் 22 பாகை செல்சியசில் நன்கு தொழிற்படும். 'லாகர்' வகைக்குரியது 8 முதல் 13 பாகையிலும் தொழிற்படக்கூடியது. இரண்டாவது மணம். மதுவம் எதனோலுடன் எசுத்தர்கள் எனப்படும் மணமுள்ள சேர்வைகளையும் சிறிதளவு ஆக்குகிறது. பவேரியாவின் கோதுமைப் பியரிலிருந்து வாழைப்பழ மணம் வீசும். அதில் வாழைப்பழம் சேர்க்கப்படுவதில்லை. வாழைப்பழத்திலுள்ள அதே எசுத்தரை அந்த மதுவம் ஆக்குகிறது, அவ்வளவுதான். வெப்பநிலை கூடினால் பொதுவாக எசுத்தரும் கூடும்.

மூன்றாவது, எந்தெந்த வெல்லத்தை அது பயன்படுத்தும் என்பது. எல்லா மதுவங்களும் குளுக்கோசைப் பயன்படுத்தும். ஆனால் மூன்று குளுக்கோசு அலகுகள் இணைந்த மோல்ற்றோத்திரையோசைச் சில மதுவங்கள் தொடுவதில்லை. அது எஞ்சிவிடும். இதனை நாவால் உணரலாம். நீரமானியால் அளக்கவும் செய்யலாம். நீரமானி என்பது திரவத்தில் மிதந்து அதன் சாரடர்த்தியைக் காட்டும் கருவி என்பதை நீங்கள் அறிவீர்கள். வெல்லம் கரைந்த நீரின் அடர்த்தி நீரிலும் அதிகம், எதனோலின் அடர்த்தி நீரிலும் குறைவு. எனவே நொதித்தல் நடக்க நடக்க நீரமானி கீழே அமிழ்ந்துகொண்டே போகும்.

தொடக்கத்தில் சாரடர்த்தி 1.040 எனவும் முடிவில் 1.010 எனவும் கொள்வோம். வேறுபாடு 0.030. இதனை 131ஆற் பெருக்கினால் அற்ககோலின் கனவளவு நூற்றுவீதம் ஏறத்தாழ 3.9 எனக் கிடைக்கும். மோல்ற்றோத்திரையோசைத் தொடாத மதுவமொன்று அதே கரைசலை 1.014இல் நிறுத்திவிட்டால் வேறுபாடு 0.026, அற்ககோல் 3.4 நூற்றுவீதம். கரைசல் ஒன்றே, மதுவம் மாத்திரம் வேறு.

ஹொப்ஸ்: ஒரு பூ, இரண்டு வேலை

ஹொப்ஸ் ஒரு படர்கொடி. ஆண் பூக்கள் ஒரு கொடியிலும் பெண் பூக்கள் வேறொரு கொடியிலும் இருக்கும். பியருக்குப் பயன்படுவது பெண் பூங்கொத்து மாத்திரமே. இங்கிலாந்தின் கென்ற், சேர்மனியின் ஹலர்ட்டாவ், செக் நாட்டின் சாட்டெட்ஸ், அமெரிக்காவின் யக்கிமா பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் இது பெருமளவில் விளைகிறது. நன்கு பூப்பதற்குக் கோடையின் நீண்ட பகல் தேவை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகல் கொண்ட நமது நாடு இதற்கு ஏற்றதன்று.

பூங்கொத்தைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் நிறத் தூள் போன்ற சுரப்பிகள் தெரியும். அவற்றில் அல்பா அமிலங்கள், மணமுள்ள எண்ணெய்கள் ஆகிய இரண்டும் உண்டு. அல்பா அமிலங்கள் நீரில் எளிதிற் கரைவதில்லை. அந்நிலையில் அதிகம் கசப்பதுமில்லை. கொதிக்கவைக்கும்போது அவை தம் சமபகுதியங்களாக மாறுகின்றன. மூலக்கூற்றுச் சூத்திரம் மாறாது, அணுக்கள் இணைந்துள்ள விதம் மாறும். மாறிய வடிவம் கரையும், கசக்கும். இதற்கு ஒரு மணி நேரமளவு கொதித்தல் வேண்டும். ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் மணமுள்ள எண்ணெய்களின் பெரும்பகுதி நீராவியுடன் பறந்துவிடும். கசப்பு வேண்டுமா, தொடக்கத்திலேயே சேர்க்கவேண்டும். மணம் வேண்டுமா, கடைசியிற் சேர்க்கவேண்டும். கிட்டிலுள்ள பாகு நீண்ட நேரம் கொதித்து ஆவியானது; ஆகவே அதிற் கசப்பு உண்டு, மணம் குறைவு. நொதித்தல் அடங்கியபின் குளிர்ந்த பியரிலேயே உலர்ந்த ஹொப்ஸைப் போட்டு மூன்று நான்கு நாட்கள் ஊறவைப்பது இக்குறையை ஈடுசெய்யும் வழி. இதனை உலர் ஹொப்ஸிடல் என்பர்.

கசப்பு வெறும் சுவைக்காக வந்ததன்று. ஹொப்ஸின் அமிலங்கள் இலற்றிக்கமிலத்தை ஆக்கும் பற்றீரியாக்கள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மதுவத்துக்கு அவற்றாற் பெரிய தீங்கில்லை. குளிரூட்டி இல்லாத காலத்தில் பியரைப் புளிக்காது காத்தது இதுவே. இன்னொரு சிறு விடயம்: இக்கசப்புச் சேர்வைகள் ஒளிபட்டால் உடைந்து துர்நாற்றமுள்ள கந்தகச் சேர்வையொன்று உண்டாகும். பியர்ப் போத்தல் கபில நிறமாக இருப்பதன் காரணம் அதுதான்.

ஒருவர் செய்த பரிசோதனை

இப்போது ஒரு தொடக்கநிலையாளரைக் கற்பனை செய்வோம். சென்ற மாதம் கிட்டிலுள்ளபடியே தயாரித்தார். இம்மாதம் கிட்டிலிருந்த மதுவத்தை எறிந்துவிட்டு வேறொன்றை வாங்கினார். 50 கிராம் ஹொப்ஸையும் ஊறவைத்தார். கோடை காலமாதலால் அறையின் வெப்பநிலையும் 18 பாகையிலிருந்து 24 பாகையாக உயர்ந்திருந்தது. பியரிற் பழ மணம் வீசியது. "புதிய ஹொப்ஸினால் வந்த மணம்" என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

அவருடைய முடிவு சரியா? சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். பழ மணத்தைத் தரக்கூடிய காரணிகள் மூன்று, அவர் மூன்றையும் ஒருங்கே மாற்றிவிட்டார். அவருடைய 23 லீற்றரும் இரண்டு மாத உழைப்பும் எந்த விடையையும் தரவில்லை. அடுத்த மாதம் அதே ஹொப்ஸைக் குளிரான அறையில் வேறு மதுவத்துடன் சேர்த்து, மணம் வராமற் போக, ஹொப்ஸ் விற்றவரைக் குறைசொல்லவும் கூடும்.

அனுபவமுள்ளவர் செய்வது வேறு. ஒரே தகரத்தின் பாகை ஒரே வாளியிற் கரைத்துக் கலக்கியபின், அதனை நான்கு சம பங்குகளாகச் சிறு சாடிகளிற் பிரிப்பார். நான்கும் ஒரே அறையில், ஒரே தட்டில் இருக்கும். முதலாவதில் கிட்டின் மதுவம் மாத்திரம்; இதுவே கட்டுப்பாடு. இரண்டாவதில் புதிய மதுவம் மாத்திரம். மூன்றாவதில் கிட்டின் மதுவமும் ஹொப்ஸும். நான்காவதில் புதிய மதுவமும் ஹொப்ஸும். இரண்டாவதை முதலாவதுடன் ஒப்பிட்டால் மதுவத்தின் விளைவு தெரியும். மூன்றாவதை முதலாவதுடன் ஒப்பிட்டால் ஹொப்ஸின் விளைவு தெரியும்.

நான்காவது எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது அவை தனித்தனியே செய்ததன் கூட்டுத்தொகையே கிடைக்கும் என்று நாம் கருதுகிறோம். அது எப்போதும் உண்மையன்று. ஹொப்ஸிலுள்ள ஜெரனியோல் என்னும் ரோசாப்பூ மணமுள்ள சேர்வையை மதுவம் எலுமிச்சை மணமுள்ள சித்திரநெல்லோலாக மாற்றக்கூடியது. ஹொப்ஸில் அதிகம் இல்லாத மணமொன்று பியரில் வருகிறது. ஹொப்ஸ் கொடுத்ததை மதுவம் மாற்றியதால் வந்தது. நான்காவது சாடி இல்லாதவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

மாறவில்லை என்று நினைத்தது மாறினால்?

இப்பகுதி பாடத்திட்டத்துக்குச் சற்று அப்பாற்பட்டது, எனினும் வாசியுங்கள். நொதித்தல் முடிந்து சாரடர்த்தி 1.010இல் மூன்று நாட்கள் அசையாது நின்ற பியரில் ஒருவர் உலர் ஹொப்ஸை இடுகிறார். பூவிற் சீனி மிகக் குறைவு. ஆகவே மணம் மாத்திரமே மாறும் என்று எண்ணி, சாரடர்த்தியை மறுபடி அளக்காமற் போத்தலில் அடைக்கிறார். சில வாரங்களில் போத்தல் வெடிக்கிறது. கண்ணாடிச் சில்லுகள் சுவரிற் குத்தி நிற்கின்றன.

நடந்தது என்ன? 1893ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த ஹொரஸ் பிரவுண், மொறிஸ் ஆகிய இரு இரசாயனவியலாளர்கள் இதனை ஆராய்ந்தனர். கொதிக்காத ஹொப்ஸ் பூவில் மாப்பொருளை உடைக்கும் நொதியங்கள் சிறிதளவு உள்ளன. மதுவத்தால் உண்ணமுடியாது எஞ்சிய பெரிய மூலக்கூறுகளான தெக்ஸ்திரின்களை அவை உடைத்து, உண்ணக்கூடிய வெல்லமாக்குகின்றன. உறங்கியிருந்த மதுவம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. இக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. உலர் ஹொப்ஸ் பெருமளவில் இடும் வழக்கம் அண்மைக் காலத்திற் பரவியபின் மீண்டும் பேசப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். போத்தலில் நுரை வருவதற்காக லீற்றருக்கு ஏறத்தாழ 6 கிராம் சீனி வேண்டுமென்றே சேர்க்கப்படும். அதிலிருந்து ஏறத்தாழ 3 கிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும். இதனைப் போத்தல் தாங்கும். சாரடர்த்தி மேலும் 0.002 மாத்திரம் குறைவது, லீற்றருக்கு ஏறத்தாழ 4 கிராம் வெல்லம் மேலதிகமாக நொதித்ததற்குச் சமன். 0.004 குறைந்தால் 8 கிராம். வெளியேற வழியில்லாத வாயுவின் அமுக்கம் இரு மடங்கையும் தாண்டிவிடும். கொதிக்கவைத்த ஹொப்ஸில் இது நிகழ்வதில்லை. ஏன்? நொதியங்கள் புரதங்களாலானவை, உயர் வெப்பநிலையில் அவை இயல்பழிகின்றன. இவ்விடையை நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

ஹொப்ஸ் இடாத சாடியொன்றும் பக்கத்தில் இருந்து, இரண்டின் சாரடர்த்தியும் நாள்தோறும் அளக்கப்பட்டிருந்தால், ஒன்று 1.010இல் நிற்க மற்றது 1.007ஐ நோக்கி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். கட்டுப்பாட்டு அமைப்பின் பயன் இங்கே ஒரு முழுப் போத்தல்.

நாவை நம்பலாமா?

நீரமானியின் வாசிப்பு எண்ணாக வரும். மணமும் சுவையும் அவ்வாறல்ல. புதிய ஹொப்ஸுக்குப் பணம் கொடுத்தவருக்கு அதன் மணம் எப்படியும் வந்துவிடும். ஆகவே சுவைப்பவரிடம் மூன்று குவளைகளைக் கொடுப்பர். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று மாத்திரம் கேட்பர். எதுவும் தெரியாமல் ஊகித்தாலும் சரியாகச் சொல்வதற்கான நிகழ்தகவு 1/3. ஐந்து பேரும் வெறும் ஊகத்தால் சரியாகச் சொல்வதற்கான நிகழ்தகவு 1/3ஐ ஐந்து முறை பெருக்க வருவது, அதாவது 1/243. எனவே ஐவரும் சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மையில் இருக்கிறது என நம்ப இடமுண்டு. கணித பாடத்தின் சாரா நிகழ்ச்சிகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சிறிய எண்ணிக்கையான அளவீடுகளிலிருந்து எவ்வளவு துணிந்து முடிவுசெய்யலாம் என்ற வினாவுக்குக் கணிதமுறையில் விடை கண்டவரும் ஒரு மதுவடிசாலை ஊழியரே. டப்ளின் நகரின் கின்னஸ் நிறுவனத்தில் வேலைசெய்த வில்லியம் கொசெற் 1908இல் வெளியிட்ட கட்டுரையில் தம் பெயரைப் போடவில்லை. 'மாணவன்' என்னும் புனைபெயரைப் பயன்படுத்தினார். பல்கலைக்கழகத்திற் புள்ளிவிபரவியல் படிப்போர் இன்றும் அதனை மாணவனின் சோதனை என்றே அழைக்கின்றனர்.

ஆய்வுகூடத்தில் நீங்கள் செய்யக்கூடியது

ஹொப்ஸ் இங்கு இல்லை, கறுவா உண்டு. கறுவாவிலுள்ள எண்ணெய் பங்கசுக்களின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. பாண் தயாரிப்போர் மாவில் கறுவாத் தூளை அதிகம் கலந்தால் மா பொங்கத் தாமதிப்பதைக் கண்டிருப்பர். இதனைச் சோதிப்போம். பேக்கரிகளில் 'ஈஸ்ட்' என்று கேட்டால் கிடைக்கும் உலர் மதுவமே போதும்.

250 மில்லிலீற்றர்க் கூம்புக் குடுவைகள் நான்கை எடுங்கள். 400 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் (ஏறத்தாழ 35 பாகை செல்சியசு) 20 கிராம் சீனியைக் கரைத்து, குடுவைக்கு 100 மில்லிலீற்றர் வீதம் பிரியுங்கள். தனித்தனியே நான்கு கரைசல் தயாரிக்காமல் ஒன்றைத் தயாரித்துப் பிரிப்பதன் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். குடுவை ஒன்றில் 2 கிராம் மதுவம் மாத்திரம் இடுங்கள். குடுவை இரண்டில் 2 கிராம் மதுவமும் 2 கிராம் கறுவாத் தூளும். குடுவை மூன்றில் 2 கிராம் மதுவமும், கழுவி உலர்த்திய 2 கிராம் மென்மணலும். குடுவை நான்கில் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்ட 2 கிராம் மதுவம். ஒவ்வொரு குடுவையின் வாயிலும் ஒரே அளவான பலூனை மாட்டி, நான்கையும் ஒரே இளஞ்சூட்டு நீர்த்தொட்டியில் வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் வரை, பலூனின் சுற்றளவை நூலினால் அளந்து அட்டவணையிற் பதியுங்கள். இறுக்கமான அடைப்பானை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். போத்தலுக்கு நேர்ந்தது குடுவைக்கும் நேரும். ஆய்வுகூடப் பாத்திரத்திலுள்ள எதனையும் வாயில் வைத்தலாகாது. முடிந்ததும் நீர் சேர்த்துக் கழுவி ஊற்றிவிடுங்கள்.

மணல் எதற்கு என்பதே இப்பரிசோதனையின் நுட்பமான இடம். கறுவாவை இடும்போது கறுவா எண்ணெய் மாத்திரமன்று, ஒரு தூளும் குடுவைக்குள் போகிறது. தூளின் துணிக்கைகளைச் சுற்றி வாயுக் குமிழிகள் எளிதில் உருவாகும். தூள் என்ற காரணத்தினாலேயே ஏதும் மாற்றம் நிகழ்கிறதா என்பதை மணலிட்ட குடுவை காட்டும்.

மாதிரி வினாவும் விடையும்

மேற்படி பரிசோதனையை அடிப்படையாகக் கொண்டு பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதுக.

1. குடுவை ஒன்றையும் இரண்டையும் மாத்திரம் கருதும்போது சாரா மாறி யாது? சார் மாறி யாது?
விடை: சாரா மாறி, கறுவாத் தூள் இடப்பட்டமை அல்லது இடப்படாமை. சார் மாறி, குறித்த நேரத்தில் வெளிவந்த காபனீரொட்சைட்டின் அளவு. ("பலூன்" என்று மாத்திரம் எழுதினாற் போதாது. பலூனின் சுற்றளவு வாயுவின் அளவைக் காட்டும் அளவீடு.)

2. மாறாது பேணப்பட்ட காரணிகள் மூன்று தருக.
விடை: வெப்பநிலை, சீனிக் கரைசலின் செறிவும் கனவளவும், மதுவத்தின் திணிவு.

3. குடுவை நான்கு அமைக்கப்பட்டதன் நோக்கம் யாது?
விடை: வாயு வெளிவரக் காரணம் உயிர்ப்புள்ள மதுவமே என்பதை உறுதிப்படுத்தல். அதிலும் மதுவம் உண்டு, ஆனால் அதன் நொதியங்கள் வெப்பத்தால் இயல்பழிந்துள்ளன. அதன் பலூன் விரியாதிருந்தால், வாயு சீனியிலிருந்தோ வெதுவெதுப்பான நீரிலிருந்தோ தானாக வரவில்லை எனலாம்.

4. ஒரு மாணவி குடுவை இரண்டை யன்னலோரத்திலும் ஏனையவற்றை நீர்த்தொட்டியிலும் வைத்தாள். இரண்டாவது பலூன் குறைவாக விரிந்தது. "கறுவா மதுவத்தைத் தடுக்கிறது" என அவள் முடிவுசெய்தாள். இம்முடிவு பற்றி உமது கருத்து யாது?
விடை: இம்முடிவை ஏற்க முடியாது. கறுவாவுடன் வெப்பநிலையும் மாறியுள்ளது. வெப்பநிலை குறைந்தாலும் நொதியத் தொழிற்பாடு குறையும். ஆகவே எக்காரணத்தால் வாயு குறைந்தது எனக் கூறமுடியாது. நான்கு குடுவைகளையும் ஒரே வெப்பநிலையில் வைத்துப் பரிசோதனையை மீண்டும் செய்தல் வேண்டும்.